அப்பச்சியின் சாந்திக்கு முன்பே ஒருவர் கையில் கட்டிய பைலட் குரோனோகிராஃப் வாங்கலாமா? முள் பன்னிரண்டில் சரியாக நிற்கவில்லை

கானாடுகாத்தான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபது நிறைந்து சாந்தி நடக்க இருக்கிறது. அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. அவர் கல்லூரி முடித்த ஆண்டில் ஐயா (அப்பச்சியின் தந்தை) வாங்கிக் கொடுத்த எச்எம்டி பைலட்டைத்தான் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார். கறுப்பு டயல், தினமும் காலையில் கையால் சாவி கொடுக்க வேண்டிய மெஷின். இப்போது அதன் கண்ணாடி மங்கிவிட்டது. சில நாள்களில் நண்பகலுக்கு முன்பே நின்றும் போகிறது. சிறு வயதில் அவரும் அவர் கூட்டாளிகளும் செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணையை ஒட்டிக் கிடக்கும் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள். விமானம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருடைய முகம் மாறும். ஆகவே விமானிகளுக்கென்று வடிவமைத்த பைலட் கடிகாரத்தைத் தவிர வேறு வகையை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

புதிதாக வாங்க என்னால் முடியாத விலையில் இருக்கும் லாஞ்சின் ஏவிகேஷன் பிக்ஐ குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் உள்ள கைக்கடிகாரம்) ஒன்று, திருச்சியில் இருக்கும் ஒருவரிடம் விற்பனைக்கு வந்திருக்கிறது. 41 மில்லிமீட்டர் அகலம், கறுப்பு டயல், தேதி கிடையாது, 3 மணிப் பக்கத்தில் இருக்கும் 30 நிமிட வட்டம் மற்ற இரண்டையும்விடப் பெரியது. 2018-இல் வாங்கியதாகச் சொல்கிறார். பெட்டியும், விற்ற கடையின் முத்திரையும் தேதியும் இட்ட உத்தரவாத அட்டையும் இருக்கின்றன. வாங்கிய நாள் முதல் ஒருமுறைகூட சர்வீஸ் செய்யவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். 1,40,000 ரூபாய் கேட்கிறார்.

நேரில் போய்ப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் என்னைத் தயங்க வைத்தன. ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு நிறுத்தி, கீழ்ப் பட்டனை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், நடுவில் இருக்கும் நீள வினாடி முள் 12-க்கு நேராக நிற்காமல் ஒரு முடி அளவு வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 12 வினாடி முன்னால் ஓடுவதாக அவரே சொன்னார். வார் மாட்டும் காதுகளின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் மழுங்கி இருப்பதால், யாரோ பாலிஷ் போட்டிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது.

இவற்றில் எது அஞ்ச வேண்டியது, எது பொறுத்துக்கொள்ளக் கூடியது என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அப்பச்சி ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார் என்பதையும், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே யோசிக்கவும்.

---

பணிமேசை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். தேவகோட்டையில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்க்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றில் முதலாவதுதான் விரிவாகப் பேச வேண்டியது; கேட்கச் சின்னக் குறையாகத் தெரிந்தாலும் அது இரண்டு வேறு நோய்களின் அறிகுறியாக இருக்கலாம்.

குரோனோகிராஃபின் வினாடி முள் பூஜ்யத்துக்குத் திரும்புவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முள் மாட்டியிருக்கும் தண்டில் இதய வடிவத்தில் ஒரு சிறு தகடு இருக்கும். கீழ்ப் பட்டனை அழுத்தும்போது சுத்தியல் போன்ற ஒரு நெம்புகோல் வந்து அந்த இதயத்தின் விளிம்பில் இடிக்கும். முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும், இதயத்தின் பள்ளமான பகுதி சுத்தியலின் முகத்தில் படியும்வரை அது சுழன்று, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஆக, முள் நிற்கும் இடத்தை முடிவு செய்வது அந்த இதயம். முள்ளை அந்தத் தண்டில் எந்தக் கோணத்தில் அழுத்திப் பொருத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இது. இருபது முறை ஓடவிட்டு, வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நேராக நிற்கும் முள்ளும் விலகித்தான் தெரியும். இருபது படங்களிலும் ஒரே அளவு விலகல் இருந்தால் இயந்திரத்தில் குறை இல்லை, முள்ளைக் கோணம் தவறிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். சர்வீஸ் செய்யும்போது முள்ளைக் கழற்றி நேராக்கிவிடலாம். ஆனால் ஒருமுறை 12-க்கு நேராகவும், ஒருமுறை அரைக் கோடு தள்ளியும், ஒருமுறை இடப்பக்கமுமாக நின்றால், முள்ளின் குழல் தளர்ந்து தண்டில் வழுக்குகிறது, அல்லது சுத்தியலோ இதயமோ தேய்ந்திருக்கிறது. அப்படியானால் அந்தக் கடிகாரத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதே நேரத்தில் மற்ற வட்டங்களையும் பாருங்கள். நீள முள் 60 வினாடியைக் கடக்கும்போது 3 மணிப் பக்கத்து நிமிட முள் ஒரு கோடு நகர வேண்டும். 6 மணிப் பக்கத்து வட்டம் 12 மணி நேரம்வரை எண்ணுவது. விற்பவர்கள் யாரும் அதைச் சோதித்துக் காட்டுவதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. ஓடவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் போதாது. குறைந்தது ஐந்தாறு மணி நேரம் ஓட வேண்டும். விற்பவர் நேர்மையானவராக இருந்தால், இரவு படுக்கும்போது ஓடவிட்டுக் காலையில் படம் அனுப்பச் சொன்னால் தயங்க மாட்டார். சிறு வட்டங்கள் ஸ்டாப்வாட்ச்சோடு தொடர்பில்லாமல் கிழமையையோ 24 மணியையோ காட்டினால், அது போலி. மலிவான போலிகளில் அது வழக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். ஓட்டத்திலேயே பூஜ்யத்துக்குத் திரும்பி உடனே மறுபடி புறப்படும் வகை வேறு. 1950-களில் பிரெஞ்சுப் படைக்குச் செய்த டைப் 20 கடிகாரங்களில் அந்த வசதி கட்டாயம். இதில் அது இல்லை. முதலில் மேல்பட்டனால் நிறுத்த வேண்டும், அதன்பிறகுதான் கீழ்ப்பட்டன்.

நாளுக்கு 12 வினாடி முன்னால் ஓடுவதைப் பற்றி டைம்கிராஃபரில் (கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் கருவியில்) வைத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன். எண்ணெய் காய்ந்திருக்கலாம், ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் கம்பியில் காந்தம் ஏறியிருக்கலாம். ஒலிபெருக்கியின் மேலும் காந்தப் பூட்டு உள்ள கைப்பேசி உறையின் மேலும் கடிகாரத்தை வைக்கும் பழக்கம் வந்த பிறகு, என் கடைக்கு வரும் கடிகாரங்களில் காந்தம் ஏறியவை கூடியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டியின் மேல் கடிகாரத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். அதன் ஊசி துடித்தால் காந்தம் இருக்கிறது. அதை நீக்க ஐந்து நிமிடம் போதும்.

இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். குரோனோகிராஃப் வாங்கும்போது அதைப் பழுது பார்ப்பவர் யார் என்பதையும் சேர்த்தே வாங்க வேண்டும். இந்தக் கடிகாரத்தின் உள்ளே இருக்கும் எல் 688 என்ற இயந்திரம், ஈடிஏ நிறுவனம் லாஞ்சினுக்கென்றே செய்து தருவது. 1970-களில் வந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் வால்ஜூ 7750 இயந்திரத்தின் வழியில் பிறந்ததுதான் என்றாலும், 7750-இல் தகடுகள் தள்ளி இயக்கும் வேலையை இதில் தூண்சக்கரம் (மேலே சிறு தூண்கள் நிற்கும் பல்சக்கரம்) செய்கிறது. பட்டனை அழுத்தும்போது கை உணரும் வழவழப்புக்குக் காரணம் அதுவே. ஆனால் இதற்கென்றே ஆன உதிரிகள் என்னைப் போன்ற தனிக் கடைக்காரனுக்குக் கிடைப்பதில்லை. சோதித்துச் சொல்வேன், காந்தம் நீக்குவேன். ஒரு தூண்சக்கரம் தேய்ந்தால் மாற்றித் தர என்னால் முடியாது. சாதாரண 7750 உள்ள கடிகாரமாகவோ, அதையே ஒட்டிச் செல்லிட்டா நிறுவனம் செய்யும் எஸ்டபிள்யூ 500 உள்ளதாகவோ இருந்தால் தேவகோட்டையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். அதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள்.

காதுகள் மழுங்கியதற்கு மருந்து இல்லை. போன உலோகம் போனதுதான். நான் என்றால் அதற்காகவே விலையில் கணிசமாகக் குறைப்பேன்.

---

பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

பணிமேசை ஐயா சொன்னவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், பதினைந்து ஆண்டுகளாகப் பைலட் கடிகாரங்களை மட்டும் சேர்த்து வருகிறேன்.

முதலாவது, பாலிஷ். சேகரிப்பவன் பார்வையில் மழுங்கிய காது பெரிய குறை. 1930-களில் செய்த அசல் கடிகாரமாக இருந்தால் நானும் தொட மாட்டேன். ஆனால் இது 2017-இல் வெளிவந்த மறுவார்ப்பு. அந்த ஆண்டில் ஜெனீவாவின் கிராண்ட் பிரி விருதுகளில் மறுவார்ப்புக் கடிகாரத்துக்கான பரிசைப் பெற்றதும் இதுவே. பழைய சாயலில் செய்த புதிய கடிகாரத்துக்குப் பழமை காரணமாக விலை ஏறுவதில்லை. ஆகவே பழமை கெட்டுவிட்டது என்று அஞ்சவும் தேவையில்லை. அப்பச்சி கையில் பத்து ஆண்டு இருக்கப் போகிற கடிகாரத்தில் எப்படியும் கோடுகள் விழத்தான் போகின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சாயல் உள்ளதை வாங்குவது குறைவானது, அசல் பழையதை வாங்குவதே மேலானது என்று சில நண்பர்கள் பேசுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1930-களின் விமானிக் கடிகாரங்களில் எண்கள் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசினார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளிரும் தன்மை போன பிறகும் கதிர்வீச்சு போகாது. அந்தப் பூச்சு உதிர்ந்து தூளாகும்போது, மூடியைத் திறப்பவருக்கு ஆபத்து. இந்தக் கடிகாரத்தில் இருப்பது கதிர்வீச்சு இல்லாத சூப்பர் லூமிநோவா என்ற ஒளிர்பூச்சு. இரவில் எழுந்து மணி பார்க்கும் அறுபது வயதுக்காரருக்கு எது தேவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அத்துடன், விமானிக்காக அன்று செய்த ஏற்பாடுகள் எல்லாம் அப்பச்சிக்கும் பொருந்துகின்றன. கையுறை போட்ட விரலுக்காகத்தான் சாவித் திருகை அவ்வளவு பெரிதாக வைத்தார்கள். பட்டறையில் காய்த்துப்போன விரலுக்கும் அது எளிது. குலுங்கும் விமானத்தில் ஒரு பார்வையில் படிப்பதற்காகத்தான் கறுப்பின் மேல் வெள்ளை எண்களும் அந்தப் பெரிய நிமிட வட்டமும். வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டாமலே அதைப் படித்துவிடலாம். டயலைச் சுற்றிச் சட்டம்போல இருக்கும் விளிம்பு மெலிதாக இருப்பதால் 41 மில்லிமீட்டர் கையில் இன்னும் பெரிதாகவே தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எச்எம்டி பைலட்டின் அளவுக்குப் பழகிய மணிக்கட்டு அது.

இரண்டாவது, பழுது பார்ப்பது. உதிரிகள் ஊரில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் நல்ல நிலையில் சர்வீஸ் செய்து வாங்கிய இயந்திரம் பல ஆண்டுகள் தொல்லை தராது. அதன்பிறகு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பெறுவது தாங்க முடியாத சிரமம் இல்லை. என் பிக்ஐக்கு நான் கொடுத்த சர்வீஸ் தொகை நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. அந்தத் தொகையை விலையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். சர்வீஸ் ஆகாத குரோனோகிராஃபின் விலை அட்டையில் எழுதியிருப்பது அன்று, சர்வீஸ் செலவையும் கூட்டி வருவதே.

கையால் சாவி கொடுக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போகக் கூடாது என்று எண்ணினால் ஹாமில்டன் காக்கி பைலட் பயனியரையும் பாருங்கள். 1970-களில் பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கொடுத்த குரோனோகிராஃபின் வடிவம். ஒருபக்கம் புடைத்த கூடு, 40 மில்லிமீட்டர், கையால் சாவி கொடுக்கும் இயந்திரம், 60 மணி நேரம் ஓடும். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் சீகல் 1963. 1961-இல் சீன விமானப் படைக்கென்று தொடங்கிய திட்டத்தில் பிறந்த கடிகாரத்தின் மறுவடிவம். சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175-ஐ ஒட்டிய இயந்திரம், அதிலும் தூண்சக்கரம் உண்டு. ஆனால் செய்நேர்த்தி ஒரு கடிகாரத்துக்கும் இன்னொன்றுக்கும் மாறுபடும், சாந்திப் பரிசுக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இணையத்தில் வரும் மஞ்சள் டயல் சீக்கோ 6139 பக்கம் மட்டும் போகாதீர்கள். 1973-இல் ஸ்கைலேப் விண்நிலையத்துக்கு வில்லியம் போக் கட்டிச் சென்றது அதே வகை என்பதால் அதற்கு மவுசு அதிகம். அதனாலேயே நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் பலவும் டயலுக்குப் புதுப் பூச்சு போட்டு, நாலு கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாகக் கோத்தவையாக இருந்தன.

---

கோட்டையூர் ஆச்சி எழுதியது:

தம்பி, நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடிகாரத்தின் உள்ளே இருப்பதைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். டைல்ஸ் பட்டறை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

ஆத்தங்குடிக் கல் செய்வதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் தூவிப் பூசிக் கல்லாக்கிய பின், தொட்டித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊற வைக்கிறார்கள். அந்த வேலையில் கடிகாரத்துக்கு மூன்று பகைகள் உண்டு. ஈரச் சிமெண்ட் கடும் காரத்தன்மை உடையது. எஃகுக் கூட்டை அது எளிதில் ஒன்றும் செய்யாது. ஆனால் தோல் வாரைக் காய வைத்து வெடிக்கச் செய்துவிடும், வாரின் அடியில் தங்கினால் மணிக்கட்டுத் தோலையும் புண்ணாக்கும். இரண்டாவது மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, நீலக்கல் கண்ணாடியின் கடினம் 9. ஆகவே கண்ணாடி கீறாது. வெளிப்பக்கம் ஒளித்தடுப்புப் பூச்சு இருந்தால் அந்தப் பூச்சு மட்டும் கீறும். எஃகு அந்த அளவு கடினம் இல்லாததால் கூட்டில் கோடு விழுவது உறுதி. உங்கள் வீட்டு எச்எம்டியில் கண்ணாடி மங்கியதற்கும் இதே மணல்தான் காரணம். அது பிளாஸ்டிக் கண்ணாடி.

மூன்றாவது தண்ணீர். இந்தக் கடிகாரத்துக்கு 3 பார் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு 30 மீட்டர் ஆழம் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே நடைமுறைப் பொருள். முழங்கைவரை தொட்டியில் விட்டுக் கல்லை எடுக்கும் கையில் இதைக் கட்டிவிடுவது சரியாக வராது. அதிலும் இரண்டு பட்டன்கள் கூடுதலாக இருப்பதால் நீர் நுழையும் வழியும் கூடுதல்.

ஆகவே என் யோசனை இது. எச்எம்டியை முதலில் சரிசெய்து கொடுங்கள். பட்டறைக்குப் போகும்போது அவர் அதைக் கட்டிக்கொள்ளட்டும். புதியதை அதற்கு மாற்றாகக் கொடுக்காமல், வெளியே போகவரக் கட்டிக்கொள்ள என்று கொடுங்கள். தன் அப்பச்சி கொடுத்த கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொன்னால் எந்த மகனுக்கும் மனம் ஒப்பாது. என் கணவருக்கு நாங்கள் புதிது வாங்கிக் கொடுத்தபோது இதை யோசிக்கவில்லை. அது ஆறு ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் பிறந்த வள்ளல் அழகப்பர் லண்டனை அடுத்த குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர். பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டிய உங்கள் அப்பச்சியின் ஆசைக்கு இந்த மண்ணிலேயே முன்னோடி உண்டு. அவரிடம் கடிகாரத்தைக் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள், மகிழ்வார்.

---

கானாடுகாத்தான்வாசி எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. சோதனைகளைச் செய்துவிட்டு எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன்.

விற்பவர் மறுப்புச் சொல்லாமல் இரவு முழுதும் ஓடவிட்டுப் படம் அனுப்பினார். இரவு 9:10-க்குத் தொடங்கி காலை 6:40-க்கு எடுத்த படத்தில் மணி வட்டம் ஒன்பதரையையே காட்டியது. இருபது முறை பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இருபதிலும் முள் ஒரே இடத்தில், அதே ஒரு முடி அளவு வலப்பக்கம் நிற்கிறது. பிறகு அவரையே தேவகோட்டைக்கு வரச் சொல்லி, பணிமேசை ஐயாவின் கடையில் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

திசைகாட்டியின் ஊசி நன்றாகவே துடித்தது. காந்தத்தை நீக்கிய பிறகு 12 வினாடி 5 ஆகக் குறைந்தது. ஆனால் டைம்கிராஃபரில் பேலன்ஸின் வீச்சு (உள்ளே அங்குமிங்கும் ஆடும் சக்கரம் ஒவ்வொரு ஆட்டத்திலும் திரும்பும் கோணம்), முழுச் சாவியில், டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்த நிலையில் 248 பாகை; குரோனோகிராஃபை ஓடவிட்டதும் 215-க்கு இறங்கிவிட்டது. 270-க்கு மேல் இருக்க வேண்டும் என்றும், உள்ளே எண்ணெய் காய்ந்திருப்பதையே இது காட்டுகிறது என்றும் ஐயா சொன்னார். பின்மூடி கெட்டியாக மூடியது என்பதால் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் வாங்க எனக்குத் துணிவில்லை. விற்பவர் சம்மதித்ததும் ஐயா திறந்து காட்டினார். நான் முதன்முறையாகத் தூண்சக்கரத்தைப் பார்த்தேன். பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது ஒரு பல் அளவு திரும்ப, அதன் தூண்களுக்கு இடையே நெம்புகோல் விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. துரு இல்லை, திருகாணிகளின் தலையில் கீறல் இல்லை, இதற்குமுன் யாரும் கை வைத்த தடயமும் இல்லை.

சர்வீஸ் தொகையையும் மழுங்கிய காதுகளையும் எடுத்துச் சொல்லி 1,05,000 கேட்டேன். 1,12,000-க்கு முடிந்தது. பணம் கொடுத்துவிட்டேன். நாளை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு அனுப்புகிறேன். தை பிறப்பதற்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹாமில்டனையும் ஒரு கடையில் கட்டிப் பார்த்தேன். நல்ல கடிகாரம்தான், ஆனால் அந்தப் பெரிய நிமிட வட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறொன்று பிடிக்கவில்லை.

ஆச்சி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எச்எம்டியைச் சரிசெய்யாமல் புதியதைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அப்பச்சிக்குத் தெரியாமல் அதை எப்படிக் கழற்றி எடுத்து வருவது என்பதுதான் தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவரிடமே சொல்லி வாங்கி வருகிறேன். பணிமேசை ஐயாவுக்கு ஒரு கேள்வி. எச்எம்டியின் டயலில் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் கறுப்புப் பூச்சு சற்றுப் பழுப்பேறியிருக்கிறது. அதையும் புதிதாக்கிவிடலாமா?

---

பணிமேசை எழுதியது:

தம்பி, டயலைத் தொடக் கூடாது. எச்எம்டி வாட்சஸை மூட 2016-இல் அரசு முடிவெடுத்த பிறகு, பைலட் என்ற பெயரில் விற்பனைக்கு வருபவற்றில் பலவும் இப்போது அச்சடித்த டயல்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று அந்தத் தொழிற்சாலை கண்டிராத நிறங்களில் எல்லாம் வருகின்றன. ஐயா கையால் வாங்கிய டயல் உங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது. அதில் இருக்கும் பழுப்பு உங்கள் அப்பச்சியின் நாற்பது ஆண்டு வேர்வை. அது இருக்கட்டும்.

கண்ணாடி மாற்றுவேன், மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவேன், சாவித் திருகு தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுவேன். நண்பகலுக்கு முன்பே நிற்கிறது என்பதைப் பார்த்தால் மெயின்ஸ்பிரிங் (சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் சுருள்) களைத்திருக்க வேண்டும். அந்த 17 கல் மெஷினுக்கு என்னிடம் இன்னும் சில ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஒரு வாரம் போதும்.

லாஞ்சின் சர்வீஸ் மையத்துக்குப் போகும்போது, கூட்டுக்குப் பாலிஷ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் சர்வீஸோடு சேர்த்துப் பாலிஷும் போட்டுவிடக்கூடும், காது இன்னும் கரையும். முள் விலகியிருப்பதையும் படத்தோடு எழுதுங்கள். திரும்பி வந்ததும் நீர்ச்சோதனை செய்த சீட்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் ஒருமுறை கொண்டுவாருங்கள், வீச்சு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தோல் வாருக்கு மாற்றாக ஒரு துணி வாரும் எடுத்து வைக்கிறேன்.